மஞ்சள் மூடி

— டப்பாவைத் திறக்க வேண்டாம் சார், அப்படியே மேஜை மேல வைங்க. வெச்சுட்டு உள்ளே வந்து உக்காருங்க.

— உள்ளேயா? நாலு வருஷமா அந்த ஜன்னல் வழியா நீட்டிட்டுத் திரும்பிப் பாக்காம ஓடற ஆளு நான். இன்னைக்கு என்ன மேடம், வரவேற்பெல்லாம் பலமா இருக்கு?

— கொஞ்சம் பேசணும். அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

— சொல்லப் போனா, எனக்கு நேரமே இல்ல. துணிக்கடைக் கட்டடத்துல ஒரு லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு முரண்டு பண்ணுது. மேனேஜர் காலையில இருந்து ஆறு தடவை கூப்பிட்டாச்சு.

— உள்ளே ஆள் யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா?

— இல்ல, காலி லிஃப்ட்தான்.

— அப்ப அது நிக்கட்டும். எனக்கு நாலு மணி வரைக்கும்தான் நேரம்.

— ஐயையோ. என் சாம்பிள்ல ஏதாவது கெட்டது வந்திருக்கா? நேரா சொல்லிடுங்க. சுத்தி வளைச்சா எனக்கு வயித்தைக் கலக்கும், அப்புறம் உங்களுக்குத்தான் வேலை.

— சிரிக்க வைக்காதீங்க சார். கோபமா பேசணும்னு காலையில இருந்து மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டு இருக்கேன்.

— கோபமா? என் மேலயா?

— ஒரு நிமிஷம். முறையா ஆரம்பிக்கிறேன். இந்த ஆய்வு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஒரே வீட்ல வாழற புருஷன் பொண்டாட்டி குடல்ல இருக்கற கிருமிங்க வருஷம் போகப் போக எப்படி மாறுது, அதனால அவங்க உடம்புக்கு நல்லதா கெட்டதா. அதைப் பாக்கத்தான் மாசா மாசம் ஒவ்வொரு வீட்ல இருந்தும் ரெண்டு டப்பா மல சாம்பிள் வாங்கறோம். உங்க வீடு நாப்பத்தொண்ணாம் நம்பர். நீல மூடி உங்களுது, மஞ்சள் மூடி அக்காவுது. சரியா?

— சரி.

— ஏழு மாசமா மஞ்சள் மூடிக்குள்ள வந்தது அக்காவுது இல்ல.

— அப்புறம் யாருது?

— உங்களுது.

— அது எப்படி மேடம் அவ்வளவு உறுதியா சொல்றீங்க? நீங்களேதானே சொன்னீங்க. ஒரே பாத்திரத்துல சமைச்சதைச் சாப்பிட்டு, ஒரே கக்கூஸ்ல போய், வருஷக்கணக்கா ஒண்ணா இருந்தா ரெண்டு பேர் வயித்துல இருக்கறதும் ஒண்ணாயிடும்னு. அவகிட்டயே சொன்னீங்க. அவ ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லி என்னை வெறுப்பேத்தினா.

— கொஞ்சம் கொஞ்சமா ஒத்துப் போகும்னு சொன்னேன். ஒண்ணாயிடும்னு சொல்லல. உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது பத்துல மூணு. அதுவே அதிகம்னு பேராசிரியர் எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமைப்படுவார். இப்ப திடீர்னு பத்துக்குப் பத்து. கூடப் பொறந்த இரட்டைப் புள்ளைங்களுக்குக்கூட அப்படி வராது.

— அன்னியோன்னியம் அதிகமாயிடுச்சுன்னு வெச்சுக்கோங்களேன்.

— சார். குடல் சுவர்ல இருந்து நம்ம செல்லும் உதிர்ந்து அதுல கலந்து வரும். மஞ்சள் மூடிக்குள்ள ஏழு மாசமா இருக்கறது ஆம்பளையோட செல்.

— ம்.

— இதுக்கு என்ன சொல்றீங்க?

— கொஞ்சம் தண்ணி இருக்குமா?

— இந்தாங்க. பயப்படாதீங்க, இது நான் வீட்ல இருந்து கொண்டு வந்த பாட்டில்.

— உர்ருன்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கே, அது என்ன?

— ஃப்ரீசர். பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. மோட்டார்ல பேரிங் தேயுது போலிருக்கு, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க. சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்.

— உங்களுக்குச் சத்தம் மாதிரி எனக்கு இந்த டப்பா. மாசா மாசம் வர்றதை ஃப்ரீசர்ல சேத்து வெச்சு மொத்தமாத்தான் சோதிப்போம். இந்த ஏழு மாசத்தையும் மூணு தடவை திரும்பத் திரும்பச் சோதிச்சேன். முதல்ல என் கைதான் தப்பு பண்ணிடுச்சுன்னு நினைச்சேன். மூடியை மாத்திப் போட்டுட்டேனோ, உங்க டப்பாவுல இருந்தே ரெண்டு தடவை எடுத்துட்டேனோன்னு. ரெண்டு வாரமா சரியா தூக்கமில்ல. பேராசிரியரும் அதையேதான் நினைக்கிறார். நான் குழப்பிட்டேன்னு. இன்னைக்கு நாலு மணிக்குள்ள விளக்கம் எழுதிக் கொடுக்கணும். இல்லைன்னா என்னை இந்த ஆய்வுல இருந்து எடுத்துட்டு வேற யாரையோ போடப் போறார்.

— உங்க மேல பழியா?

— டப்பாவைத் தொடறது நான் ஒருத்திதானே.

— இல்ல மேடம், இது... இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்ல. உங்களுக்கு ஒரு கெடுதல் வரணும்னு கனவுலகூட...

— அப்ப உண்மையைச் சொல்லுங்க. வாரா வாரம் நான் போன் பண்ணும்போதும் ஏழு மாசமா அக்கா பேச வரல. அவங்களுக்கு இதுல அலுப்பு வந்துடுச்சா? வந்தா தப்பே இல்ல. நிறைய பேர் பாதியில விட்டுட்டாங்க. மாசா மாசம் டப்பாவுல பிடிச்சுக் கொடுக்கறது என்ன சந்தோஷமான வேலையா? "வேண்டாம்"னு அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே.

— அலுப்பெல்லாம் இல்ல. அவளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். மத்தவங்க பொண்டாட்டி எல்லாம் பட்டுப் புடவையைப் பத்திப் பேசுவாங்க. இவ தன்னோட வயித்துல எத்தனை வகைக் கிருமி இருக்குன்னு பக்கத்து வீட்ல போய்ப் பீத்திக்குவா. நூத்தி எண்பத்தி மூணாம், எனக்கு நூத்தி நாப்பதுதானாம்.

— நூத்தி முப்பத்தெட்டு.

— ரெண்டைக் கூட்டிச் சொன்னாளே எனக்காக. நல்ல மனசு.

— சார், அப்ப அக்கா ஏன் கொடுக்கல? உடம்பு சரியில்லையா? வீட்டை விட்டு எங்கயாவது போயிட்டாங்களா?

— சொல்லப் போனா...

— சொல்லுங்க.

— மாடியில துணி காயப் போட்டுட்டு இறங்கி வந்தா. பாதிப் படியில உக்காந்துட்டா. மூச்சு வாங்குது, ஒரு நிமிஷம் இருங்கன்னா. நான் கீழே நின்னு ஷூ போட்டுக்கிட்டு இருந்தேன். நேரமாச்சு, வரட்டுமான்னு கேட்டேன். பதில் வரல. கோபத்துல இருக்காளாக்கும்னு நினைச்சேன். அவ கோபப்பட்டா பேச மாட்டா. ரெண்டாவது ஷூவையும் மாட்டிட்டுத்தான் நிமிர்ந்து பாத்தேன்.

— எப்போ?

— ஏழு மாசம் ஆச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை.

— அக்காவா?

— ஆமா.

— நான் புதன்கிழமை கூப்பிட்டேனே.

— கூப்பிட்டீங்க. மூணாவது நாள். ஒண்ணு இருபதுக்கு, வழக்கம்போல.

— நீங்க பேசினீங்களே. நல்லா ஞாபகம் இருக்கு. அக்கா குளிக்கறாங்கன்னு சொன்னீங்க.

— வீடு நிறைய ஆளுங்க மேடம். என் தம்பி, அவ அண்ணன் குடும்பம், தெருக்காரங்க. மூணு நாளா எல்லாரும் என்கிட்ட அவ எப்படிப் போனான்னு கேட்டாங்க, எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. படி வழுக்குதான்னுகூட ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வந்தார். அப்ப போன் அடிச்சுது. எடுத்தேன். நீங்க, "அக்கா எப்படி இருக்காங்க? நேத்து என்ன சாப்பிட்டாங்க?"ன்னு கேட்டீங்க. உயிரோட இருக்கறவளைக் கேக்கற மாதிரி. உங்களுக்கு என்ன தெரியும், பாவம். எனக்கு வாயில தானா வந்துடுச்சு. ஓட்ஸும் ஒரு ஆப்பிளும், தோல் சீவாமன்னு சொல்லிட்டேன். நீங்க, "சமத்து"ன்னு சொன்னீங்க.

— ஐயோ.

— போனை வெச்சேன். மூணு நாள்ல முதல் தடவையா பசிச்சுது.

— எனக்குச் சொல்லியிருக்கலாமே சார். ஒரு வார்த்தை. நான் என்ன வெறும் டப்பா வாங்கற ஆளா? எத்தனை பேசியிருக்கோம் நானும் அக்காவும். என் தலைவலிக்கு என்ன செய்யணும்னு சொன்னது அவங்க. கடைசியா ஒரு தடவை முகத்தையாவது பாத்திருப்பேன்ல? போட்டோவுலகூட நான் பாத்ததில்ல. குரல் மட்டும்தான் தெரியும்.

— அழாதீங்க மேடம்.

— என்னை விடுங்க. கோபமா இருக்கு. நிஜமாவே கோபமா இருக்கு.

— கோபப்படுங்க. நியாயம்தான். அடுத்த புதன்கிழமை சொல்லிடணும்னுதான் இருந்தேன். ஆளுங்க எல்லாம் கிளம்பிப் போயிட்டாங்க. வீட்ல நான் மட்டும். அன்னைக்கும் போன் வந்துச்சு. "அக்காகிட்ட கொடுங்க"ன்னீங்க. தூங்கறான்னேன். அதுக்கு அடுத்த வாரம் கடைக்குப் போயிருக்கான்னேன். ஒரு பொய்க்கு இன்னொண்ணுன்னு வரிசையா வந்துடுச்சு. மாசக் கடைசியில காலி டப்பா ரெண்டும் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டுது, நீலமும் மஞ்சளும். மஞ்சளைக் கொடுக்கலைன்னா எங்களை நிறுத்திடுவீங்க. நிறுத்திட்டா புதன்கிழமை போன் வராது. அதான் ரெண்டையும் நானே...

— ரெண்டையும் நீங்களே.

— ரொம்ப யோசிச்சுத்தான் செஞ்சேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு நீலத்துக்குக் காலையில, மஞ்சளுக்குச் சாயங்காலம். ரெண்டும் வேற வேற மாதிரிதான் இருந்துச்சு, பாக்கறதுக்கு.

— சார்!

— சிரிக்கிறீங்க.

— சிரிக்கல. இல்ல, சிரிக்கிறேன். அக்கா இருந்திருந்தா இதைக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க.

— என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிருப்பா. அதுக்கப்புறம் சிரிச்சிருப்பா.

— ஆமா. போனை மேஜை மேல வெச்சுட்டு உங்களைத் திட்டிட்டு, திரும்ப எடுத்து, "எங்கே விட்டேன்?"னு கேப்பாங்க. "கேரட்டுல விட்டீங்க"ன்னு நான் சொல்வேன்.

— நீங்க சாப்பிட்டுக்கிட்டே பேசுவீங்க. உங்க டிஃபன் பாக்ஸ் மூடியைத் திறக்கற சத்தம் போன்ல கேக்கும். முதல் தடவை அவ பயந்தே போயிட்டா. நம்ம டப்பாவைத்தான் திறக்கறாங்களோன்னு.

— சாப்பாட்டு நேரத்துலதான் எனக்குக் கொஞ்சம் ஓய்வு. மத்தவங்க எல்லாம் கேன்டீனுக்குப் போயிடுவாங்க. நானும் முதல்ல போனேன். கையை மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போய் உக்காருவேன். இருந்தாலும் பக்கத்துல இருக்கறவங்க மெதுவா தட்டை நகத்திக்குவாங்க. யாரும் வாய் திறந்து ஒண்ணும் சொன்னதில்ல. இந்தப் பொண்ணு எதைத் தொட்டுட்டு வந்திருக்கான்னு நினைப்பாங்களாக்கும். அப்புறம் நானே இங்கேயே சாப்பிட ஆரம்பிச்சுட்டேன். இந்த ஃப்ரீசர் பக்கத்துல.

— எங்க ரெண்டு பேருக்கும் அது தெரியாதே.

— நான் சொல்லல. அது இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும். டைரி. நீங்க ரெண்டு பேரும் தினம் என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதற டைரி. ஏழு மாசமா அக்கா பேர்ல எழுதினதும் நீங்கதானா?

— நான்தான். அவ கையெழுத்து மாதிரி சாய்ச்சு எழுதுவேன். டைரியில எழுதினதையே மறுபடி போன்லயும் கேப்பீங்க. ஒவ்வொரு தடவையும் மாறாம சொல்லணும், பெரிய பாடு.

— முதல் மூணு மாசம் அதுல எழுதியிருந்தது அத்தனையும் பொய்னு டப்பாவே சொல்லுச்சு. கீரை, பயறு, தயிர்னு எழுதியிருந்தீங்க. ஆனா ரெண்டு மூடிக்குள்ளயும் வெறும் பட்டினி. நார்ச்சத்தைத் தின்னு வாழற கிருமிங்க ஒண்ணொண்ணா காணாமப் போயிட்டு இருந்துச்சு. நூத்தி முப்பத்தெட்டு எண்பதுக்கு வந்துடுச்சு. என்னதான் சாப்பிட்டீங்க?

— டீ. பிஸ்கட். எங்கயாவது வேலை நடக்கற இடத்துல ஒரு பன்.

— அடிக்கடி உடம்புக்கு வந்திருக்குமே.

— வந்துச்சு. ஒரு சளி மூணு வாரம் நின்னுச்சு. வாயெல்லாம் புண்ணு. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்.

— வயசு மட்டும் இல்ல. நம்ம உடம்பைக் காவல் காக்கற செல்கள்ல பெரும்பகுதி குடல் சுவரை ஒட்டித்தான் குடியிருக்கு. எவன் நம்ம ஆளு, எவன் வெளியாளுன்னு அதுங்களுக்குச் சின்ன வயசுல இருந்தே பழக்கி விடறது இந்தக் கிருமிங்கதான். நாம கீரையும் பயறும் போட்டா அதுங்க அதைப் புளிக்க வெச்சு, குடல் சுவருக்குத் தேவையான சாப்பாட்டைத் தரும். ஒண்ணும் போடலைன்னா சுவர் மேல இருக்கற வழவழப்பையே அரிச்சுத் தின்ன ஆரம்பிச்சுடும்னு எலிகள்ல பாத்திருக்காங்க. சுவர் மெலிஞ்சா காவக்காரங்களுக்குப் பதட்டம் ஜாஸ்தி. தேவையில்லாத இடத்துல எல்லாம் சண்டைக்குப் போவாங்க, தேவையான இடத்துல கோட்டை விடுவாங்க. உங்க சளிக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். துக்கம் இருக்கு, தூக்கமில்ல. எல்லாம் சேர்ந்துதான்.

— லிஃப்ட் கதவு சென்சார் மாதிரி. தூசி படிஞ்சா, ஆள் நடுவுல நிக்கும்போது கதவு மூடும், யாருமே இல்லாதப்ப மூடாது.

— அப்படித்தான். ஆனா நாலாவது மாசத்துல இருந்து ஏதோ மாறிடுச்சு. எண்பது தொண்ணூத்தஞ்சாச்சு, நூத்திப் பத்தாச்சு. போன மாசம் நூத்தி இருபத்தாறு. அதுதான் எனக்குப் புரியல. அப்ப என்ன நடந்தது?

— அது ஒண்ணும் பெரிசா இல்ல.

— சொல்லுங்க சார். ஆய்வுக்காகக் கேக்கல.

— ஒருநாள் அவ பக்கத்தை எழுத உக்காந்தேன். ஒண்ணும் தோணல. அவ வழக்கமா என்ன சாப்பிடுவான்னு யோசிச்சுப் பாக்கறேன், மண்டையில ஒண்ணுமே இல்ல. இருபத்தேழு வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டவ. நாலு மாசம்கூட ஆகல, மறந்துட்டேன். பயந்துட்டேன் மேடம். இதுக்கு மேல என்னென்ன மறப்பேனோன்னு. டைரியில நாம எழுதற தாளுக்கு அடியில ஒரு நகல் தாள் இருக்கும்ல, அது வீட்லயே தங்கிடும். எல்லாத்தையும் ஒரு ஷூ டப்பாவுல போட்டு வெச்சிருந்தா. எடுத்துப் பாத்தேன். தேதி போட்டு எல்லாம் இருக்கு. காலையில இது, மதியம் இது, ராத்திரி இது, நடுவுல ஒரு கைப்பிடி கடலை. அன்னைக்குத் தேதிக்கு நேரா போன வருஷம் அவ என்ன சாப்பிட்டாளோ, அதையே எழுதிட்டேன்.

— அப்புறம்?

— அப்புறம் மனசு கேக்கல. உங்களுக்குப் பொய் எழுதறோமேன்னு. அதனால அதை நானே சமைச்சுச் சாப்பிட்டேன். அவ சாப்பிட்ட மாதிரியே, அதே நேரத்துக்கு. அன்னையில இருந்து தினமும் அப்படித்தான். காலையில எழுந்ததும் போன வருஷத்துத் தாளைப் பாப்பேன். இன்னைக்குக் கீரையும் அவிச்ச பயறும். நேத்து பீட்ரூட். எனக்கு பீட்ரூட் அறவே ஆகாது. அவ வாரத்துக்கு ரெண்டு தடவை எழுதி வெச்சிருக்கா, பாவி.

— நாலு மாசமா அக்கா சாப்பாட்டைத்தான் நீங்க சாப்பிடறீங்க.

— அவளுக்குப் பதில் ஆள் மாதிரி. ஆனா தாள் இன்னும் அஞ்சு மாசத்துக்குத்தான் இருக்கு. அந்த ஞாயித்துக்கிழமையோட நின்னுடும். காலையில ஓட்ஸ்னு மட்டும் எழுதியிருக்கா. மதியம்னு போட்டு ஒண்ணும் எழுதல.

— அதுக்கப்புறம்?

— தெரியல மேடம். அதைப் பத்தி யோசிக்கிறதில்ல.

— ஒரு நிமிஷம்.

— என்ன தேடறீங்க?

— படிவம். இதை நிரப்பித்தான் ஆகணும். ஆய்வுல இருந்து விலகறவங்க கொடுக்கற படிவம். நீங்க நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா இந்த ஏழு மாசத்துக் கணக்கைத் தனியா எடுத்து வெச்சுடுவாங்க, என் மேல தப்பில்லைன்னு பேராசிரியருக்கும் தெரியும். உங்களை ஒண்ணும் பண்ண மாட்டார். கத்துவார். ஒரு பத்து நிமிஷம்.

— கத்தட்டும். நான் வேணும்னா நாலு மணிக்கு நேர்ல வந்து நிக்கிறேன். உங்களைச் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குச் சேர வேண்டியது. பேனா கொடுங்க.

— இங்கே நம்பர். இங்கே தேதி. இந்த இடத்துல விலகற காரணம். நாலு கட்டம் இருக்கு, ஒண்ணுல குறி போடணும்.

— இடம் மாற்றம். உடல்நலக் குறைவு. விருப்பமில்லை... இந்த நாலாவது.

— ஆமா சார்.

— இதை இதுவரைக்கும் நான் எங்கேயும் எழுதினதில்ல. மத்ததெல்லாம் தம்பிதான் ஓடியாடிப் பாத்தான். நான் கையெழுத்து மட்டும் போட்டேன், படிக்கவே இல்ல.

— மெதுவா போடுங்க. அவசரமில்ல.

— கட்டம் ரொம்பச் சின்னதா இருக்கு.

— ஆமா.

— போட்டாச்சு.

— சரி. சரி சார்.

— எனக்கு மட்டும் தொடர முடியாதா? நீல மூடி மட்டும்?

— ஜோடிகளுக்கான ஆய்வு. ஒத்தை ஆளுக்கு இதுல இடமில்ல. நான் வேணும்னா கேட்டுப் பாக்கறேன், ஆனா நம்பிக்கை வெக்காதீங்க.

— சரிதான். சொல்லப் போனா, உலகத்துல நிறைய விஷயம் ஜோடிக்குன்னுதான் வெச்சிருக்காங்க. அப்ப, அவ முன்னாடி கொடுத்ததெல்லாம் என்ன ஆகும்? தூக்கிப் போட்டுடுவீங்களா?

— சேச்சே. மூணு வருஷத்துக்கும் மேல அக்கா கொடுத்தது அத்தனையும் அந்த ஃப்ரீசர்லதான் இருக்கு. மேல் தட்டு, இடது பக்கம். பத்து வருஷம் வெச்சிருப்போம். மைனஸ் எண்பது டிகிரியில.

— எல்லாம் செத்திருக்கும்ல?

— இல்ல. சிலது செத்திருக்கும். நிறைய அப்படியே இருக்கும். குளிர்ல எல்லாம் அடங்கிப் போயிருக்கும். வெளியே எடுத்து உடம்புச் சூட்டுல வெச்சா மறுபடி வளரும்.

— தூங்கற மாதிரி.

— தூங்கற மாதிரிதான்.

— அப்ப நான் உங்ககிட்ட சொன்னது அவ்வளவு பெரிய பொய்யில்ல.

— சார், இன்னொண்ணும் சொல்றேன். எத்தனை வகைன்னு எண்ணிக்கை சொல்லலாம், எது யார்கிட்ட இருந்து வந்ததுன்னு ஆய்வு முடியற வரைக்கும் சொல்லக்கூடாது. ஆனா நீங்கதான் விலகிட்டீங்களே. முதல் வருஷத்துல ஒரு வகைக் கிருமி அக்காகிட்ட மட்டும் இருந்துச்சு. நார்ச்சத்தைத் தின்கிற நல்ல ஜாதி. உங்ககிட்ட இல்லவே இல்ல. மூணாவது வருஷத்துல உங்ககிட்டயும் வந்துடுச்சு. அதே வகைன்னு சொன்னா போதாது, அக்காகிட்ட இருந்த அதே வம்சம். அவங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கணும்.

— எப்படி?

— ஒரே டம்ளர், ஒரே துண்டு, ஒரே வீடு. எப்படின்னு யாருக்கும் சரியா தெரியாது.

— அவ குடிச்சு மிச்சம் வெக்கற டீயை நான்தான் குடிப்பேன். எப்பவும் அடியில ஒரு வாய் வெப்பா.

— நீங்க பிஸ்கட் தின்ன மூணு மாசத்துல அது காணவே இல்ல. போயிடுச்சுன்னு நினைச்சேன். கண்ணுல படாத அளவுக்குக் கொஞ்சம் எங்கயோ ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அஞ்சாவது மாசம் திரும்ப வந்துச்சு. போன மாசம் நல்லாவே இருக்கு. கீரையும் பயறும்தான் அதுக்கு வேணும். தாள் தீந்துடுச்சுன்னு நிறுத்தினீங்கன்னா அது போயிடும். அஞ்சு மாசத்துக்கு அப்புறம் நீங்களே பக்கத்தை எழுதிக்கோங்க. ஆனா பட்டினி போட்டுடாதீங்க சார்.

— அந்த மிச்சத் தண்ணியைக் குடிச்சுக்கறேன் மேடம்.

— மெதுவா குடிங்க.

— பீட்ரூட்டும் வேணுமா அதுக்கு?

— வேணும்.

— பாவி.

— உங்க போன் அடிக்குது.

— அந்த மேனேஜர்தான். காலி லிஃப்ட் நடுவுல நிக்குதுன்னு எல்லாருக்கும் அவசரம். வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பறேன். இன்னைக்குக் கொண்டு வந்த டப்பாவை என்ன பண்றது?

— நீலத்தை வெச்சுட்டுப் போங்க. மஞ்சளைக் கொடுங்க, நான் கழுவித் தரேன். வீட்ல வெச்சுக்கோங்க.

— நாலு மணிக்கு வரேன். கையெழுத்து எல்லாம் சரியா இருக்கா பாத்துக்கோங்க. மேடம்...

— சொல்லுங்க சார்.

— நாளைக்குப் புதன்கிழமை. ஒண்ணு இருபதுக்கு நான் எங்க வேலையில இருந்தாலும் ஓரமா வந்து நின்னுடுவேன். பழக்கமாயிடுச்சு. ஆய்வுல ஆளே இல்லைன்னா நீங்க எதுக்குக் கூப்பிடப் போறீங்க, எனக்குப் புரியுது. ஆய்வோட விதின்னா விதிதான். அதைத் தப்பா எடுத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போகலாம்னுதான்.

— ஆய்வுக்காக போன் பண்றதை, உங்க கையில டைரியைக் கொடுத்த அன்னைக்கே நிறுத்திட்டாங்க சார். ரெண்டு வருஷம் ஆச்சு. அறுபது வீட்ல நான் விடாம கூப்பிட்டுக்கிட்டு இருந்தது உங்க வீட்டை மட்டும்தான்.